ஊதும் பிள்ளைகள்

"இது ஜெமினி படம் இல்லடா" என்று அத்தை சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. போன தீபாவளிக்கு மறுநாள், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தாமான் என்கிற குடியிருப்பில் உள்ள வீட்டில், பலகாரத் தட்டு பாதி காலியாகி, பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொரு கைப்பேசியோடு ஒதுங்கிவிட்ட பிற்பகல். அத்தைக்குப் பொழுது போகட்டும் என்று தொலைக்காட்சியில் யூடியூபைத் திறந்து ஜெமினியின் பழைய படம் 'சந்திரலேகா' போட்டேன். முதலில் தங்க நிறத்தில் ஏதோ ஒரு சேனலின் பெயர் சுழன்று வந்தது, மணி அடித்தது, சப்ஸ்கிரைப் செய்யச் சொன்னது, அப்புறம் நேராக நடிகர்கள் பெயர். அத்தை முறுக்கை வாயில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார். "எங்கடா அந்த ரெண்டு பிள்ளைங்க? ஊதுமே, அதுங்க எங்க?" என்றார். படத்துக்கு முன்னால் வரும் ஜெமினி சின்னத்தைத்தான் கேட்கிறார். அதெல்லாம் வெட்டியிருப்பார்கள் அத்தை, படம் அதேதான் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. படம் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்பதைப்போல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய் துணி மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். முடியவில்லை, ஏனென்றால் எனக்குத் தொழிலே அதுதான். ஈப்போவில் விளம்பரப் பலகை செய்யும் கடையில் முப்பது வருஷமாக இருக்கிறேன். கறிக்கடைக்கும் முடிதிருத்தும் நிலையத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் சின்னம் வரைந்து கொடுத்து அதில் சோறு சாப்பிடுகிறவன். ஆனால் படம் பார்க்கும்போது தயாரிப்பாளர், வினியோகஸ்தர், இணைத் தயாரிப்பாளர் என்று வரிசையாக வரும் சின்னங்களைத் தள்ளிவிட்டுத்தான் பார்ப்பேன். இப்போதெல்லாம் ஒரு படத்துக்கு ஐந்து ஆறு வருகின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு சிங்கம் கர்ஜிக்கிறது, அல்லது ஒரு கிரகம் வெடிக்கிறது. யாருக்கு வேண்டும் இது? அவரவர் பெருமை என்றுதான் நினைத்திருந்தேன். அத்தை அந்த நினைப்பில் ஒரு முள்ளைச் செருகிவிட்டுப் போய்விட்டார்.

கொண்டு வந்தவன் முத்திரை

ஜெமினி என்றதும் ஸ்டூடியோதான் நினைவுக்கு வருகிறது. சென்னையில் அது இருந்த முனையில் மேம்பாலம் வந்து, அதற்கு அண்ணா பெயர் வைத்து ஐம்பது வருஷம் கடந்த பிறகும் ஆட்டோக்காரர் ஜெமினி பாலம் என்றுதான் சொல்கிறார். காதல் மன்னன் கணேசன்கூட அங்கே வேலை பார்த்ததால் அந்தப் பெயரை முன்னால் ஒட்டிக்கொண்டவர். ஆனால் ஜெமினி முதலில் ஸ்டூடியோவே இல்லை. எஸ். எஸ். வாசன் ஆரம்பித்தபோது அது படங்களை வாங்கி ஊர் ஊராக அனுப்பும் வினியோகக் கம்பெனி. 'ஜெமினி பிக்சர்ஸ் சர்க்யூட்' என்ற முழுப் பெயரில் கடைசியில் நிற்கிறதே 'சர்க்யூட்', அது வினியோகத் தொழிலின் சொல். படப் பெட்டி சுற்றி வரும் வட்டம். 1939-இல் கல்கியின் கதையை வைத்து கே. சுப்ரமணியம் எடுத்த 'தியாகபூமி'யை வெளியிட்டது வாசனின் கம்பெனிதான். அப்புறம் சுப்ரமணியத்தின் ஸ்டூடியோ தீப்பிடித்து, ஏலத்துக்கு வந்து, வாசன் அதை எடுத்து, தம் கம்பெனியின் பெயரையே அதற்கும் வைத்தார். ஆக, அந்தப் பெயர் படம் எடுத்தவரின் அடையாளமாவதற்கு முன்னால் படம் கொண்டு வந்தவரின் அடையாளமாக இருந்திருக்கிறது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாருக்கும் இயக்குநர் பெயர் தெரியாது. யார் கொண்டு வருகிறார், இந்த மாதம் வருவாரா, ஜெனரேட்டர் வேலை செய்யுமா, இதுதான் கேள்வி.

வாசன் திருத்துறைப்பூண்டியில் பிறந்து சென்னைக்குப் போனவர். என் தாத்தா அதே பக்கத்து ஆள், அவர் வடக்கே போகாமல் கிழக்கே திரும்பி, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கியவர். 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தியதற்குக் கொஞ்சம் முந்தி. இரண்டு பேரையும் ஒப்பிடுவது அசட்டுத்தனம் என்று தெரியும், இருந்தாலும் ஒரு தகவல் என்னை விடமாட்டேன் என்கிறது. வாசன் விகடனில் எழுதிய தொடர்கதை 1936-இல் 'சதி லீலாவதி' என்ற படமானது. எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம் என்று எல்லோருக்கும் தெரியும். அதன் நாயகன் குடியால் கெட்டு, கொலை செய்துவிட்டதாகப் பயந்து, சிலோனுக்கு ஓடி, தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை பார்க்கிறான் என்பதை யாரும் சொல்வதில்லை. அந்த நாயகன் எம். கே. ராதா, பன்னிரண்டு வருஷம் கழித்து சந்திரலேகாவின் நாயகனும் அவரே. வாசன் கதை திரைக்கு வந்த முதல் தடவையே ஒரு தோட்டத்து லயம், கூலிகளின் வரிசை வீடு, அதற்குள் இருந்திருக்கிறது. பின்னால் அவர் அரண்மனைக்கும் சர்க்கஸ் கூடாரத்துக்கும் போய்விட்டார், அது வேறு.

தொழில்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். வாசன் படத்துறைக்கு வருவதற்கு முன் விளம்பரத் தொழில் பார்த்தவர். தபாலில் பொருள் விற்றவர். பெயரைவிட முகம் சீக்கிரம் மனசில் ஒட்டும் என்று தெரிந்த ஆள். 1928-இல் ஆனந்த விகடனை வாங்கினார். அதற்கு அந்தக் குடுமித் தாத்தாவின் முகம். படத்துக்கு மிதுன ராசியின் இரட்டையர், உடம்பில் துணியில்லாத கொழுகொழு பிள்ளைகள், ஆளுக்கொரு ஊதுகுழலோடு. ஒரே முதலாளி, பத்திரிகைக்குக் கிழவர், படத்துக்குக் குழந்தைகள். இரண்டுக்கும் எழுத்து தேவையில்லை. கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் எல்லோரும் பெயரைப் பெரிதாகப் போடு, இன்னும் பெரிதாகப் போடு என்று உயிரை எடுப்பார்கள். அவர்களுக்கு நான் இனிமேல் இந்தப் பிள்ளைகளைத்தான் காட்டப் போகிறேன். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவர். ஏவி.எம். அவருக்கு 'மூணு எழுத்துக் கம்பெனி', விஜயா அவருக்கு 'குரங்குக் கொடி', எம்.ஜி.ஆர். பிக்சர்ஸ் அவருக்கு 'ஆணும் பொண்ணும் கொடி பிடிச்சது'. ஜெமினிக்கு மட்டும் அப்படி ஒரு பட்டப்பெயர் இல்லை. 'பிள்ளைங்க' என்றால் போதும்.

டவுன் கொட்டகையில் சீனப் படம் போட்டால் வேறு முத்திரை. கேடயத்துக்குள் எஸ், பி என்று இரண்டு எழுத்து, ஷா சகோதரர்கள். ஹாலிவுட்டின் வார்னர் கேடயத்தைப் பார்த்துச் செய்தது என்று பார்த்தவுடனே தெரியும். ஆனாலும் வண்ணக் கண்ணாடிக்கு முன்னால் அது வந்து நிற்கும்போது சும்மா சொல்லக் கூடாது, கம்பீரம்தான். ரன்மி ஷாவும் ரன் ரன் ஷாவும் 1920-களில் ஷாங்காயிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து, கொட்டகை இல்லாத ஊர்களுக்குக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் காட்டி வளர்ந்தவர்கள். அவர்களும் ஆரம்பத்தில் கொண்டு வருகிறவர்கள்தான். எங்கள் அப்பாவுக்குக் கேடயம் பிடிக்கும். அது வந்தால் சண்டை உறுதி என்பார்.

ஆறு அடி

சரி, அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? யூடியூப்காரன் வெட்டினான் என்று அத்தையிடம் சொன்னது பாதி உண்மைதான். தோட்டத்துக்குப் படம் வந்த விதத்தை யோசித்துப் பார்த்தேன். திடலில் இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டி, வேனிலிருந்து 16 மில்லிமீட்டர் கருவியை இறக்கி, ஜெனரேட்டரைத் தூரத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் வைப்பார்கள். எனக்கே ஏழெட்டு வயதில் பார்த்தது நினைவிருக்கிறது, அப்போது அது முடிகிற காலம். 16 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 40 சட்டங்கள். நொடிக்கு 24 ஓட வேண்டும். பத்து நொடி வரும் ஒரு சின்னத்துக்கு மொத்தம் ஆறு அடி பிலிம். ஒரு ஆள் நீளம். அந்த ஆறு அடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: முதல் சுருளின் தலையில். கருவியில் கோக்கும்போது கை படுவது அங்கே, பல்சக்கரத்தில் மாட்டிக் கிழிவது அங்கே, தரையில் விழுந்து மண் ஒட்டுவதும் அங்கேதான். ஒவ்வொரு தடவை அறுந்து ஒட்டும்போதும் ஒன்றிரண்டு சட்டங்கள் போகும். நூறு தோட்டம் சுற்றிய பிரிண்டில் கதை இருக்கும், பாட்டு இருக்கும், தலை தேய்ந்து போயிருக்கும். நடுவில் வருகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது. வாசலில் நிற்கிறவர்களுக்குத்தான் அடி.

அப்புறம் வீடியோ கேசட் வந்தது, டிஸ்க் வந்தது. கேசட் கம்பெனி தன் பெயரை முன்னால் போட்டது, டிஸ்க் கம்பெனி தன் பெயரைப் போட்டது. பழைய முத்திரையை எடுத்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? இப்போது யாரோ ஒருவர் அறையில் உட்கார்ந்து பழைய டிஸ்கைக் கணினியில் ஏற்றித் தங்க எழுத்தைச் சுழலவிடுகிறார். கோபப்பட்டேன், ஒரு வாரம். பிறகு யோசித்தால், அவரும் கொண்டு வருகிறவர்தானே. வாசனுக்கு இருந்த உரிமை இவருக்கு இல்லை, காசும் கொடுக்கவில்லை, ஆனால் சுங்கை சிப்புட் தாமான் வீட்டுக்குச் சந்திரலேகாவைக் கொண்டு வந்தது அந்த ஆள்தான். தன் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும். முந்தி இருந்தவரைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் ஏறி உட்கார்வதுதான் எனக்கு ஆகவில்லை. எங்கள் தொழிலில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு: பழைய கடையை எடுத்து நடத்துகிறவர் புதுப் பலகை மாட்டினாலும், தெரிந்தவராக இருந்தால் கீழே சின்ன எழுத்தில் பழைய கடைப் பெயரையும் போடச் சொல்வார்.

அத்தை பார்த்த படங்கள்

இதையெல்லாம் தைப்பூசத்துக்கு ஊருக்குப் போனபோது அத்தையிடம் பெரிய ஆராய்ச்சிபோல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பாதி கேட்டார், பாதி கேட்கவில்லை, முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடுவில், "சரி அத்தை, சந்திரலேகாவில் உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்கும், அந்த முரசு ஆட்டமா?" என்று கேட்டேன். அந்தப் படத்தைப் பார்த்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆள் உயர முரசுகள், மேலே ஆடும் பெண்கள், உள்ளே ஒளிந்திருக்கும் வீரர்கள், எழுபத்தைந்து வருஷமாகப் பேசுகிறார்கள்.

"என்ன முரசு?" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. கீரையைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுத எனக்குக் கை வரவில்லை, அவர் அதை ஒரு கதையாகவே சொல்லவில்லை, மழை பெய்தது என்பதுபோல் சொன்னார். பதினான்கு வயதில் பால்வெட்டுக்கு, ரப்பர் மரம் சீவும் வேலைக்கு, போனார். விடிவதற்கு வெகு முன்னால் எழுந்து சோறு ஆக்கி, ஐந்தரைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டும், மேற்பார்வை பார்க்கும் தண்டல் பெயர் கூப்பிடும்போது இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. நிரை என்கிற மர வரிசையைப் பிடித்து வெட்டி, மங்குக் கிண்ணங்களில் பால் சேர்த்து, காண்டா என்கிற தோள்கம்பு போட்டுச் சுமந்து, ஸ்டோரில் நிறுத்து ஊற்றிவிட்டு வந்தால், வீட்டு வேலை. படம் போடுகிற அன்றைக்கு இருட்டினதும் பாயை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போய், தம்பிமார்களுக்கு இடம் பிடித்து, நடுவில் உட்காருவார். முதலில் சர்டிபிகேட் வரும், படிக்கத் தெரிந்த பையன்கள் எத்தனை ரீல் என்று கத்துவார்கள். அப்புறம் பிள்ளைங்க வரும். ஜெனரேட்டர் இரைச்சலில் ஊதுகிற சத்தம் யாருக்குக் கேட்டது, திடலில் இருக்கிற பொடிசுகள் எல்லாம் கையைக் குழலாகச் சுருட்டி வாயில் வைத்து ஊதும், லயத்து நாய்கள் குரைக்கும். "அத பாப்பேன். அதுக்கப்புறம் கண்ணு சொருகிரும். தம்பிங்கதான் எழுப்பிக் கூட்டிட்டு வருவானுங்க."

எத்தனை படம் அத்தை, என்று கேட்டேன். எல்லாப் படமும்தான், என்றார். கல்யாணம் ஆகும்வரை அப்படித்தான், ஆன பிறகு பிள்ளை பிறந்துவிட்டது, இடுப்பில் பிள்ளையோடு போனால் பிள்ளைக்கு முன்னால் இவர் தூங்கிவிடுவார். ஜெமினி படம் ஆறேழு வந்திருக்கும் என்று கணக்குச் சொன்னார். ஒன்றில்கூட என்ன கதை என்று தெரியாது. கதையை மறுநாள் நிரையில் பக்கத்து மரத்துக்காரி சொல்லிக் கேட்பதுதான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முகப்பு என்று நான் தள்ளிவிட்டுப் போவது இவருக்கு முகப்பே இல்லை. இவர் பார்த்த படம் பத்து நொடி. அதற்குள் இரண்டு பிள்ளைகள், ஒரு ஊது, முடிந்தது. ஜெமினியின் மூன்றரை மணி நேரப் படத்தில் ஆறு அடி இவருடையது, யூடியூப்காரன் வெட்டி எறிந்தது குறிப்பாக அந்த ஆறு அடியை. "இது ஜெமினி படம் இல்லடா" என்று அவர் சொன்னதற்கு நான் சிரித்தேனே.

எங்கள் ஊரில் சந்திரலேகாவுக்கு இன்னொரு கதை உண்டு. அது மதராஸில் வெளியானது 1948 ஏப்ரல் 9. அதே வருஷம் ஜூன் 16, சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகளைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள், அவசரகாலம் வந்தது, பன்னிரண்டு வருஷம் நீடித்தது. முள்வேலியும் ஊரடங்கும் இருந்த காலத்தில் எங்கள் பக்கத்துத் திடல்கள் ராத்திரியில் காலி. அதனால்தான் அத்தை தலைமுறை பழைய படங்களை எல்லாம் 1960-க்கு மேலே, ஊரெல்லாம் பார்த்து முடித்து, தேய்ந்த பிரிண்டில் பார்த்தது. இதை அப்பா அடிக்கடி சொல்வார், பிற ஊர்க்காரர்கள் எங்களுக்கு முன்னால் பார்த்துவிட்ட மனக்குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது.

பிறகு நான் தேடினேன். ஒரு மாதத்துக்குமேல் ஆனது. கோடு கோடாக, மழை பெய்கிற மாதிரி ஒரு பிரதி கிடைத்தது, தலையில் பிள்ளைகள் இருந்தார்கள். தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினால் அத்தை கண்ணைச் சுருக்கி, "இவ்ளோ சின்னதாவா இருந்துச்சுங்க?" என்று கேட்டார். சரிதான், திடலில் அவர்கள் லயத்துக் கூரை உயரம். கடையில் பெரிய சுவர்களுக்கு எழுத்து வரைய, வரைபடத்தைச் சுவரில் பாய்ச்சிக் கோடு இழுக்க ஒரு புரொஜெக்டர் வைத்திருக்கிறோம். முதலாளியிடம் கேட்டு அதை ஒரு சனிக்கிழமை ஊருக்கு எடுத்துப் போனேன். தாமான் வீடுகளுக்குப் பின்னால் ஒரு காலிக் கிடங்கு இருக்கிறது, வெள்ளைச் சுவர், ஜன்னல் இல்லாதது. முன்னால் ரப்பராக இருந்து, செம்பனையாக மாறி, இப்போது வீடாகிவிட்ட நிலம். எட்டு மணிக்கு நாற்காலி போட்டோம். அண்ணன் பேரப்பிள்ளைகள் நான்கு பேர், பக்கத்து வீட்டுச் சீன அக்கா, அவருடைய அம்மா, அத்தை.

பிள்ளைகள் சுவரில் வந்து நின்றபோது அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கையை மட்டும் மெதுவாகச் சுருட்டி வாய்க்குக் கொண்டுபோனார், ஊதவில்லை, வைத்துவிட்டு எடுத்துவிட்டார். பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்து அவர்கள் ஊதினார்கள். சீன அக்காவின் அம்மா என்னைப் பார்த்து மலாய் மொழியில் இது ஷாவா என்று கேட்டார், இல்லை என்றேன்.

இருபது நிமிடம் கூட ஆகியிருக்காது. சர்க்கஸ் வருவதற்கு முன்னாலேயே அத்தை நாற்காலியில் தலை சாய்ந்துவிட்டார். எழுபத்தொன்பது வயது, பால்வெட்டு விட்டு இருபத்தைந்து வருஷம் ஆகிறது, உடம்பு மட்டும் இன்னும் பிரட்டுக் கணக்கில் இருக்கிறது. கொசு கடிக்காமல் ஒரு கைலியைப் போர்த்திவிட்டேன். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். சீன அக்கா அவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் மழை பெய்யும் படமுமாகப் பதினொரு மணி தாண்டியது. முரசுகள் வந்து நின்றன. எழுப்பலாமா வேண்டாமா என்று யோசித்தேன், திட்டுவாரோ என்றும் நினைத்தேன். தோளைத் தொட்டு, "அத்தை, இதுதான் அந்த முரசு" என்றேன்.

விழித்தார். கிடங்குச் சுவர் முழுக்கப் பெண்கள் முரசின்மேல் ஆடிக்கொண்டிருந்தார்கள். கைலியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் வெளியே குதித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது எந்தப் படம்டா?"

"பிள்ளைங்க படம்தான் அத்தை."

"இதெல்லாமா இருந்துச்சு அதுல," என்றார் அத்தை, சண்டை முடியும்வரை கண்ணை எடுக்கவே இல்லை.